ஆட்டிசம் சோதனையில் எனக்கு வந்த 29

இணையத்தில் ஆட்டிசம் சோதனை எழுதிப் பார்த்தவர்களிடம் ஓர் எண் இருக்கும். என்னிடம் இருப்பது 29. ஐம்பதுக்கு 29. சின்ன வயதிலிருந்தே பழகும் விதமும் உலகை உணரும் விதமும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருப்பதைத்தான் ஆட்டிசம் என்கிறார்கள். இதை வைத்து எனக்கு ஆட்டிசம் உண்டா இல்லையா என்று கேட்டால், எந்த ஆய்வை வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். 2001-இல் வந்த மூல ஆய்வில் எல்லைக்கோடு 32. அதன்படி நான் வெளியே. 2005-இல் வந்த இன்னொரு ஆய்வு அதே சோதனைக்கு 26 போதும் என்றது. அதன்படி உள்ளே. ஆள் நான்தான், பதில்களும் அதே பதில்கள்தான்.

சோதனையின் பெயர் ஏ.க்யூ. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பேரன்-கோஹனும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. ஐம்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' என்பதிலிருந்து 'கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை' வரை நான்கு பதில்கள். ஆட்டிசத்தின் பக்கம் சாயும் பதிலுக்கு ஒரு மதிப்பெண், இல்லையென்றால் பூஜ்யம். பழகும் விதம், கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, நுணுக்கமாகக் கவனிப்பது, பேச்சு, கற்பனை என்று ஐந்து தலைப்புகள், தலைப்புக்குப் பத்து. பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான் லிங்க் அனுப்பினான். அவனுக்கு 38 வந்திருந்தது. "சித்தி, நீங்களும் போட்டுப் பாருங்க. எனக்கென்னமோ உங்களுக்கும் வரும்னு தோணுது" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வந்தது.

நான் சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும். அதிலிருந்து மார்கழி வரை மூச்சுவிட நேரமிருக்காது. ஓய்வான ஒரு மாசி மாதத்தில் உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போதே ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. நான் கொடுக்கும் பதில் சரியானது, ஆனால் அந்தப் பதிலுக்கான காரணத்தைச் சொல்ல அங்கே இடமே இல்லை.

விசேஷங்களுக்குப் போவது பிடிக்குமா என்று ஒரு கேள்வி. எனக்குக் கல்யாண வீடு பிடிக்கும். யோசிக்காமல் 'ஆம்' போட்டேன். ஏன் பிடிக்கும்? எங்கள் சொந்தபந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் மொய் எழுதுவது நான். முன்பு அப்பா எழுதுவார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு நோட்டு என் கைக்கு வந்தது. எங்கள் பக்கம் பெண்கள் மொய் நோட்டில் உட்காருவது அபூர்வம். ஆனால் என் கூட்டல் தப்பாது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எதுவும் சொன்னதில்லை.

மண்டப வாசலை ஒட்டி ஒரு மேசை. நீள நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். பக்கத்தில் பணத்தை எண்ணிப் பையில் போட ஒரு சித்தப்பா. வருகிறவர்கள் வரிசையில் வருவார்கள். ஊர்? பேர்? எவ்வளவு? அவ்வளவுதான் பேச்சு. திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று ஊர் வாரியாகப் பக்கம் பிரித்து வைத்திருப்பேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, நோட்டைப் பார்த்தால் போதும், அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைக்கவும் மாட்டார்கள். "எப்ப வந்தீங்க, உடம்பு எப்படி இருக்கு" என்றெல்லாம் கேட்க வேண்டாம், பின்னால் வரிசை நிற்கிறது. கெட்டிமேளம் கொட்டும்போது மட்டும் பேனாவை வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். மற்றபடி அந்த மேசையில் இருக்கும் மூன்று மணி நேரமும் எனக்கு நிம்மதி. நோட்டை மூடிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரர் பேச்சுக் கொடுத்தால், அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் அப்பளத்தை உடைத்துக்கொண்டே இருப்பேன். மொய் நோட்டு என் கையில் இல்லாத கல்யாணம் என்றால் தாலி கட்டியதும் கிளம்பிவிடுவேன்.

இதெல்லாம் சோதனைக்கு எப்படித் தெரியும்? 'விசேஷங்கள் பிடிக்கும்' என்றால் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். அதாவது அந்த ஓரிடத்தில் நான் ஆட்டிசம் இல்லாதவள்.

எதிர்ப் பக்கமும் இருக்கிறது. தேதிகள் மேல் ஈடுபாடு உண்டா, எண்கள் மேல் உண்டா, பிறர் கண்ணில் படாத சின்னச் சின்ன விவரங்கள் உங்கள் கண்ணில் படுமா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். திங்கட்கிழமைத் தாளில் ராகு காலம் 7.30-9.00 என்று இருக்க வேண்டும். அங்கே சனிக்கிழமையின் 9.00-10.30 வந்துவிட்டால், கண்டுபிடிக்க வேண்டியவள் நான். எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், அமாவாசை, முகூர்த்த நாள் எல்லாம் அப்படித்தான். பல வருடம் இந்த வேலை பார்த்த யாராக இருந்தாலும் இந்தக் கேள்விகளுக்கு 'ஆம்' என்றுதான் போடுவார்கள். அப்படியானால் எனக்கு அங்கே கிடைத்த மதிப்பெண்கள் என் மூளையைச் சொல்கின்றனவா, என் சம்பளத்தைச் சொல்கின்றனவா? சோதனையை உருவாக்கியவர்களின் ஆய்விலேயே இதற்கு நெருக்கமான ஒன்று தெரிந்திருக்கிறது. அவர்கள் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடமும் இதைக் கொடுத்துப் பார்த்தபோது, கலைப் பாடங்கள் படிப்பவர்களைவிட அறிவியல் படிப்பவர்களும், குறிப்பாகக் கணிதம் படிப்பவர்களும் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள்.

இன்னொரு கேள்வி, பார்ட்டிக்குப் போவதா நூலகத்துக்குப் போவதா என்பது. எங்கள் ஊரில் என் வயதுப் பெண் போகக்கூடிய பார்ட்டி என்று ஒன்று கிடையாது. நாடக அரங்கமா அருங்காட்சியகமா என்ற கேள்விக்கும் இதே கதிதான். இரண்டுக்குமே நான் போனதில்லை. ஊகித்து ஒரு பதிலைத் தட்டினேன். ஐம்பதில் இப்படி ஊகித்துத் தட்டியவை நாலைந்து இருந்தால் போதும், 32-க்கு மேலே இருப்பவர் கீழேயும் கீழே இருப்பவர் மேலேயும் போய்விடுவார். 'முழுக்க' என்று போட்டாலும் 'ஓரளவு' என்று போட்டாலும் ஒரே மதிப்பெண்தான் என்பது வேறு. தயங்கித் தயங்கி 'ஓரளவு' போட்டவரும், அடித்துச் சொல்லி 'முழுக்க' போட்டவரும் கடைசியில் ஒரே எண்ணோடு நிற்பார்கள்.

எண்களோடேயே காலம் தள்ளுகிறவள் என்பதால் அந்த எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 2001 ஆய்வில் ஆட்டிசம் வகை நோயறிதல் ஏற்கெனவே பெற்றிருந்தவர்கள் 58 பேர். அதில் பெண்கள் 13 பேர் மட்டும். இந்த 58 பேரின் சராசரி 35.8, ஒப்பிடுவதற்காக எடுத்த பொதுமக்களின் சராசரி 16.4. முதல் குழுவில் 80 சதவீதம் பேர் 32 அல்லது அதற்கு மேல் வாங்கினார்கள், பொதுமக்களில் 2 சதவீதம் பேர். கேட்டால் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஆட்டிசம் நூற்றுக்கு ஒருவருக்கு என்று தோராயமாக வைத்துக்கொண்டு ஆயிரம் பேருக்கு இந்தச் சோதனையைக் கொடுத்துப் பாருங்கள். பத்துப் பேருக்கு உண்மையில் ஆட்டிசம், அவர்களில் எட்டுப் பேர் 32-ஐத் தாண்டுவார்கள். மீதி 990 பேரில் 2 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட இருபது பேர், அவர்களும் தாண்டுவார்கள். ஆக, கோட்டைத் தாண்டிய 28 பேரில் ஆட்டிசம் உள்ளவர்கள் எட்டே பேர். மீதி இருபது பேரும் அன்று இரவு தூங்காமல் யோசித்துக்கொண்டிருப்பார்கள். விட்டுப்போன இரண்டு பேர் 'நமக்கு ஒன்றுமில்லை' என்று போனை மூடி வைத்திருப்பார்கள்.

ஆனால் இந்தச் சோதனையைத் தேடிப் போகிறவர்கள் வழியில் போகிற ஆயிரம் பேர் அல்ல. ஏதோ ஒன்று உறுத்தித்தான் போகிறோம். அதற்கு நெருக்கமான கணக்கு 2005 ஆய்வில் இருக்கிறது. சந்தேகத்தின் பேரில் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட நூறு பேரை வைத்துச் செய்தது. 26-ஐ எல்லையாக வைத்தால், ஆட்டிசம் உள்ளவர்களில் 95 சதவீதம் பேரைப் பிடித்துவிடுகிறது. அதே சமயம், இல்லை என்று கடைசியில் தெரியவந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள்.

என்னை அதிகம் கலங்கவைத்தது 2016-இல் பிரிட்டனில் வந்த ஆய்வு. ஏ.க்யூ.வைச் சுருக்கிப் பத்துக் கேள்வியாக்கிய ஏ.க்யூ.-10 என்று ஒன்று உண்டு. அங்கே ஒருவரை நிபுணரிடம் அனுப்பலாமா என்று முடிவெடுக்க அது பரிந்துரைக்கப்பட்டிருந்தது. ஆறு வந்தால் அனுப்பலாம். நிபுணர்களிடம் வந்து சேர்ந்திருந்த 476 பெரியவர்களை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்துக் கேள்வியில் ஆறுக்குக் கீழே வாங்கியவர்களில் 64 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. குறைந்த மதிப்பெண்ணை நம்பித் திருப்பி அனுப்பியிருந்தால் அத்தனை பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதிக மதிப்பெண் வந்தால் பயப்படாதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குறைந்த மதிப்பெண் வந்தவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. சோதனை முடிந்ததும் பச்சை நிறத்தில் 'உங்களுக்கு ஆட்டிசம் இல்லை' என்று காட்டும் தளங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. சொல்ல அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லாத வாக்கியம் அது.

ஏ.க்யூ. மட்டுமல்ல, வேறு சோதனைகளும் உண்டு. ராட்ஸ்-ஆர் என்ற ஆட்டிசம் சோதனையில் எண்பது கேள்வி. 'இப்போதும் சின்ன வயதிலும்', 'இப்போது மட்டும்', '16 வயதுக்கு முன் மட்டும்', 'எப்போதும் இல்லை' என்று பதில்கள் இருப்பதால் ஏ.க்யூ.வைவிட எனக்கு இது பிடித்தது. குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்கவாவது செய்கிறது. 2011-இல் வந்தபோது ஏறத்தாழப் பிழையே இல்லாத கருவி என்ற அளவுக்கு முடிவுகள் இருந்தன. ஆனால் அது நிபுணர் பக்கத்தில் இருக்க நிரப்புவதற்காகச் செய்தது. 2021-இல் பிரிட்டனில், நிபுணரைப் பார்க்கக் காத்திருந்த ஐம்பது பேரிடம் தாங்களே நிரப்பச் சொல்லி ஒப்பிட்டபோது, மதிப்பெண்ணுக்கும் கடைசி முடிவுக்கும் தொடர்பே தெரியவில்லை. கேட்-க்யூ என்ற இருபத்தைந்து கேள்விப் படிவம் 2019-இல் வந்தது. ஆட்டிசத்தை எவ்வளவு மறைத்துக்கொண்டு பழகுகிறோம் என்பதை அது அளக்கிறது, ஆட்டிசம் இருக்கிறதா என்பதை அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

இவையெல்லாம் ஆய்வாளர்கள் பெயர் போட்டு வெளியிட்டவை. யார் செய்தது, எந்த வருடம் என்று எதுவுமே இல்லாமல் சுற்றுகிற பத்துக் கேள்விகள் வேறு ஏராளம். அப்படி ஒன்றில் கடைசிக் கேள்விவரை போன பிறகு, முடிவைப் பார்க்க மொபைல் எண் கேட்டது. கொடுக்காமல் மூடிவிட்டேன். கொடுத்த என் தோழிக்கு ஒரு வாரம் விடாமல் 'பேக்கேஜ்' விற்கும் அழைப்புகள் வந்தன.

சரி, என் 29-க்கு வருகிறேன். மதுரையில் ஒரு கிளினிகல் சைக்காலஜிஸ்டைப் பார்த்தேன். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உள்ளவரா என்று பார்த்துக்கொண்டுதான் போனேன். ஆலோசகர் என்று பலகை மாட்டிய எல்லோரும் இந்த மதிப்பீட்டைச் செய்துவிட முடியாது. மதிப்பெண்ணைச் சொன்னேன், குறித்துக்கொண்டார், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கொண்டுபோயிருந்த இன்னொரு தாளைத்தான் கேட்டு வாங்கினார். எந்தப் பதிலை ஏன் போட்டேன் என்று கேள்வி வாரியாக எழுதி வைத்திருந்த தாள் அது. மொய் நோட்டு சமாசாரம் அதில் இருந்தது. அதைப் பற்றி மட்டுமே வெகுநேரம் கேட்டார். வரிசை இல்லாதபோது என்ன செய்வீர்கள், தெரிந்தவர் நின்று பேசினால் என்ன செய்வீர்கள், நோட்டை வேறு யாராவது எழுதினால் எப்படி இருக்கும் என்று.

அடுத்த முறை அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். பெரியவர்களுக்கு ஆட்டிசம் என்று முடிவு சொல்ல, அதன் அறிகுறிகள் சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. உலகம் முழுக்கப் பயன்படும் டி.எஸ்.எம்.-5 என்ற மனநல நோயறிதல் கையேடும் அதைத்தான் சொல்கிறது. மூன்று வயதில் நான் எப்படி இருந்தேன் என்று எந்தச் சோதனையில் நான் பதில் போட முடியும்?

அம்மா முதலில் கூச்சப்பட்டார். அப்புறம் மடை திறந்தது.

"இவளுக்கு மூணு வயசு இருக்கும் டாக்டரம்மா. காலண்டர்ல தாளு இவதான் கிழிக்கணும். இவ அப்பா ஒருநா ஊருக்குப் போற அவசரத்துல மறுநா தாளையும் சேத்துக் கிழிச்சிட்டாரு. அன்னைக்குப் பூரா சோறு திங்கல. அந்தத் தாளைப் பசை போட்டு ஒட்டுன பெறகுதான் அடங்குனா."

"மத்த பிள்ளைங்களோட விளையாடுவாங்களாம்மா?"

"விளையாடுவா. கடை வச்சு விளையாண்டா இவதான் கணக்கு எழுதுவா. அம்மா அப்பா விளையாட்டுன்னா எந்திரிச்சு வந்துருவா. பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டா. காது கேக்கலையோன்னு பயந்து இதே மதுரைக்குத்தான் தூக்கிட்டு வந்து காட்டுனோம். காது நல்லாத்தான் இருந்துச்சு."

காது பரிசோதனைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு வந்த கதையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தேதிகள் மேலிருந்த ஈடுபாடு வேலையால் வந்ததா என்ற என் சந்தேகத்துக்கும் பதில் கிடைத்தது. வேலைக்கு வெகுகாலம் முன்பே அது இருந்திருக்கிறது. அதுதான் என்னை அந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

பிறகு இன்னும் சில சந்திப்புகள், சில பரிசோதனைகள். நம் நாட்டுக்காக உருவாக்கிய ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலும் உண்டு. நாற்பது அம்சங்கள். அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதையும் பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்து, வீட்டாரிடம் விசாரித்துத்தான் போட வேண்டும். நாமே போனில் நிரப்பிக்கொள்ளும் படிவம் அல்ல அது. கடைசியில் அந்த சைக்காலஜிஸ்ட் எனக்கு ஆட்டிசம், முதல் நிலை என்று எழுதிக் கொடுத்தார். மூன்று நிலைகளில் குறைவான துணை போதும் என்கிற நிலை அது. அச்சகத்தில் என் மேசையை இயந்திரச் சத்தத்திலிருந்து தள்ளிப் போட்டுத் தந்தார்கள். திருத்தங்களை வாயால் சொல்லாமல் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், அதற்கும் ஒத்துக்கொண்டார்கள்.

இதற்காகச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அக்கா மகன் அந்த லிங்க்கை அனுப்பியிருக்காவிட்டால் நான் மதுரைக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டேன். மாவட்டத் தலைநகரில்கூடப் பெரியவர்களுக்கு இந்த மதிப்பீடு செய்கிறவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிற நிலையில், கையில் இருக்கிற ஒரே கதவு போன்தான் என்பவர்கள் எத்தனை பேர். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும்போது சில சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு விழும். ஊர்ப் பெயராக இருந்தாலும் விழும், உண்மையான பிழையாக இருந்தாலும் விழும். சரியான எழுத்தில் தவறான கிழமை இருந்தால் விழவே விழாது. கோடு விழுந்த இடத்தை ஒரு மனுஷி உட்கார்ந்து பார்க்க வேண்டும், விழாத இடத்தையும்தான். இந்தச் சோதனைகளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அதனால் எழுதிப் பார்க்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். எப்போதிலிருந்து என்று இன்னொரு வரி. நம்முடைய ஊரில் இல்லாத விஷயத்தைக் கேட்டால், ஊகித்தேன் என்று எழுதுங்கள். நிபுணரிடம் போகும்போது எண்ணை விட்டுவிட்டுப் போனாலும் பரவாயில்லை, நோட்டை எடுத்துப் போங்கள்.

அக்கா மகனும் அப்படி எழுதினான். எனக்கு அனுப்பிய பக்கங்களில் திரும்பத் திரும்ப ஒரே காரணம்: "எல்லாரும் என்னையே பாக்கிற மாதிரி இருக்கும்", "தப்பாப் பேசிருவேனோன்னு பயம்". எப்போதிலிருந்து என்ற இடத்தில் பெரும்பாலும் 'காலேஜ் மூணாவது வருஷம்' என்று இருந்தது. பெங்களூரில் அவன் பார்த்த மனநல மருத்துவர், பதற்றம் கடுமையாக இருக்கிறது, முதலில் அதற்கு வைத்தியம் பார்ப்போம், அது தணிந்த பிறகு ஆட்டிசத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பதற்றம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகளில் மதிப்பெண் ஏறும் என்பதை அந்த 2016 ஆய்வும் கவனித்திருக்கிறது. ஆக அவனுடைய 38 எதைக் காட்டுகிறது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அவனும் அவசரப்படவில்லை, இப்போது கொஞ்சம் தூங்குகிறான்.

அடுத்த தடவை அக்காவும் கூடப் போகிறாள். அவனுடைய முதல் பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோ கேசட் ஒன்று பரணில் இருக்கிறது. பழைய வீடியோ இருந்தால் கொண்டுவாருங்கள் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். அதை மாற்றிக் கொடுக்கிற ஸ்டூடியோ இன்னும் விருதுநகரில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.